பின்வரிசை பிளக்குகள்: நாமே மாற்றுவதா, ஊர்க் கராஜா, கொழும்பா?

கல்லடியிலும் கல்முனையிலும் எனக்குப் பழக்கமானவர்களில் ஏழெட்டுப் பேரிடம் பழைய ஹொண்டா பிட் கார் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் ஏதோவொரு கட்டத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வியைத்தான். சந்தியில் நிற்கும்போது என்ஜின் மெல்ல உதறுகிறது; பெற்றோல் முன்னரைவிடக் கூடுதலாகச் செலவாகிறது; பெற்றோலைப் பற்றவைக்கப் பொறி விடும் பிளக்குகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக், பின்பக்கம் உள்ள நான்கையும் கழற்றுவது பெரிய வேலை, இப்போதைக்கு முன்பக்கத்தை மட்டும் மாற்றுவோம் என்கிறார். அதற்குச் சம்மதிப்பதா, நாமே முயல்வதா, கொழும்புக்குக் கொண்டுபோவதா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் வரியோடு சேர்த்து வரும் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், இருபது வயதைத் தாண்டிய காரை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியே ஆக வேண்டிய குடும்பங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

## கைக்கு எட்டாத இடம் எது

2001இல் வெளிவந்த முதலாம் தலைமுறை பிட் காரில், அதாவது ஜீ.டி. 1 என்று நம்மவர்கள் அழைக்கும் மாதிரியில், 1.3 லீற்றர் என்ஜினுக்குச் சிலிண்டர்கள் நான்கு, பிளக்குகளோ எட்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஐ-டி.எஸ்.ஐ. என்று பெயரிடப்பட்ட அந்த அமைப்பில் இரு பிளக்குகளும் என்ஜினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஒரே நேரத்திலோ சற்று முன்பின்னாகவோ பொறி விடும். பெற்றோலைச் சிக்கனமாக எரிப்பதே அதன் நோக்கம். 1.3 லீற்றர் பிட் ஏரியா, ஜீ.பி. 1 எனப்படும் பிட் ஹைபிரிட், 2009இல் வந்த இன்சைட் ஆகியவற்றிலும் இதே இரட்டைப் பிளக் அமைப்புத்தான்.

முன் நான்கையும் பொனட்டைத் திறந்து மேல்மூடியைக் கழற்றிய சில நிமிடங்களில் எட்டிவிடலாம். பின் நான்கும் என்ஜினுக்கும் காரின் உட்சுவருக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்தில், முன் கண்ணாடியின் அடியில் வைப்பர் மோட்டாரைத் தாங்கும் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. வைப்பர் கைகள், பிளாஸ்டிக் தட்டு, மோட்டாரோடு கூடிய இரும்புத் தட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால்தான் கையை நேராக விட முடியும். கை மெலிந்த சிலர் தட்டைக் கழற்றாமலே பக்கவாட்டில் நுழைத்து மாற்றுவதுண்டு. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் புரியேற்றும் அந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த அமைப்பில் இன்னொரு விடயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண என்ஜினில் ஒரு பிளக் செயலிழந்தால் அந்தச் சிலிண்டர் முழுவதுமே நின்றுபோய், கார் குலுங்கி நம்மை எச்சரித்துவிடும். இங்கே பின் பிளக் சோர்ந்துபோனாலும் முன் பிளக் எப்படியோ எரித்து ஓட்டிவிடுகிறது. குறை வெளியே தெரிவதில்லை. மெல்லிய உதறலாகவும் கூடிய பெற்றோல் செலவாகவும் மட்டுமே இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் மறைந்துகிடக்கிறது. பின் நான்கும் மறக்கப்படுவதற்கு இடத்தின் நெருக்கடி பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி.

வேறு வண்டிகளிலும் இதே தொல்லை உண்டு. சுசுகி எவ்ரியில் என்ஜின் முன் ஆசனங்களுக்கு அடியில் இருப்பதால் ஆசனத்தைத் தூக்கியாக வேண்டும். நிசான் டீடாவின் 1.5 லீற்றர் என்ஜினில் காற்றுக் குழாய்த் தொகுதி பிளக்குகளின் மேலே படுத்திருப்பதால், அதனைக் கழற்றி மீண்டும் பொருத்தும்போது புதிய கஸ்கட்டும் போட வேண்டியிருக்கும். கீழே சொல்லப்படுவது பிட் காரை வைத்து எழுதப்பட்டாலும், இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றே.

## எதை வைத்து எடைபோடுவது

கூலி எவ்வளவு என்பதுதான் வழக்கமாக முதலில் கேட்கப்படும் கேள்வி. நான் அதனைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, எட்டுப் பிளக்குகளும் உண்மையாகவே மாற்றப்படும் என்பதற்கு என்ன உறுதி என்பதே. அடுத்தது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் பிளக் திருகி ஏறும் புரிக்கு எவ்வளவு ஆபத்து என்பது. பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். கோணலாக ஏற்றினாலும், அளவுக்கு மீறி இறுக்கினாலும், கொதிக்கும் என்ஜினில் கழற்றினாலும் சேதப்படுவது மென்மையான அலுமினியப் புரிதான். ஒரு பிளக்கின் விலையில் தொடங்கிய வேலை ஹெட்டையே இறக்கும் வேலையாக முடிந்த கதைகளை லேத் கடைகளில் கேட்கலாம். மூன்றாவது, கூலிச் சிட்டையில் எழுதப்படாத செலவுகள்: கார் நிற்கும் நாட்கள், உடையும் கிளிப்புகள், பயணம், வாங்க வேண்டிய கருவிகள். நான்காவது, வேலை பிழைத்தால் யாரிடம் போய் நிற்பது என்பது.

## முதலில் தீர்க்க வேண்டியது: எந்தப் பிளக்

யார் மாற்றுவது என்பதற்கு முன்னரே எதைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் எட்டாத இடத்தில் இருக்கும் பிளக்கின் உண்மையான விலை கடையில் கொடுக்கும் பணம் அல்ல. அதனை அடைவதற்கு ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியவற்றின் விலை.

சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் வரை நன்றாக உழைக்கும். நீடித்த ஆயுள் கொண்ட இரிடியம் பிளக்குக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் அளவு 100,000 கிலோமீற்றர். விலை பல மடங்கு கூடுதலாக இருக்கும். ஆனால் நிக்கலைப் போட்டால் அதே ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் மூன்று நான்கு தடவை வைப்பர்த் தட்டைக் கழற்ற வேண்டும்; மூன்று நான்கு தடவை கூலி, பிளக்குகளுக்கு மின்னழுத்தம் தரும் பழைய கொயில்களின் கிளிப்புக்கும் ஹெட்டின் புரிக்கும் அத்தனை தடவை ஆபத்து. எளிதில் எட்டும் பிளக்குகளுக்கு நிக்கலே போதும் என்று சொல்லும் நான், பின் நான்குக்கு இரிடியத்தையே பரிந்துரைக்கிறேன்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இரிடியம் என்று பெட்டியில் எழுதப்பட்ட எல்லாமே ஒரு இலட்சம் ஓடுவன அல்ல. நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்து, அதற்கு எதிரே வளைந்து நிற்கும் முனையைச் சாதாரண நிக்கலாக விட்ட வகைகளும் விற்கப்படுகின்றன. அந்த வளைந்த முனை நிக்கலின் வேகத்திலேயே தேயும். இரு முனைகளிலும் அரிய உலோகம் பதித்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, ஒயில் எரிக்கும் என்ஜினுக்கு இரிடியம் வீண்செலவு. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் ஊற்ற வேண்டிய நிலையில் உள்ள என்ஜினில் எந்தப் பிளக்கும் விரைவில் கரிபிடிக்கும். அங்கே நிக்கலைப் போட்டு, முதலில் ஒயில் குறையும் காரணத்தைத் தேடுவதே முறை.

பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது பின் நான்குக்கு இரிடியமும் முன் நான்குக்கு நிக்கலும் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பிளக் வெப்பத்தை வெளியேற்றும் அளவைக் குறிக்கும் வெப்ப எண்ணும் முனைகளுக்கிடையிலான இடைவெளியும் கையேட்டில் சொன்னபடி எட்டிலும் ஒன்றாக இருக்குமானால் அதில் தவறில்லை. முன் நான்கையும் இடையில் மாற்றுவது சின்ன வேலைதானே.

போலிப் பிளக்குகள் சந்தையில் உண்டு என்பதை என்.ஜி.கே. போன்ற உற்பத்தியாளர்களே எச்சரித்து வருகிறார்கள். வளைந்த முனை நடுமுனைக்கு நேராக இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருத்தல், புரி சொரசொரப்பாக இருத்தல், வளையக் கஸ்கட் கையோடு கழன்று விழுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டிகளைக் கடையிலேயே திறந்து பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

## நாமே மாற்றுவது

இந்த வழியை நான் தெரிவுசெய்தது ஓர் ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. கல்லடி வளவுகளில் மணல் எப்படிப் பறக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பிளக் குழிக்குள் விழும் ஒரு சிட்டிகை மணல், பிளக்கைக் கழற்றிய மறுகணம் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆகவே காரைச் சுவரோரமாக நிறுத்தி, காற்று வரும் பக்கத்தில் படங்கு கட்டிய பிறகே தொடங்கினேன். இந்த ஊரில் இந்த வேலைக்கு முதற் கருவி படங்குதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

என்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரைக் காலையில் திறப்பது நல்லது. வைப்பர் கைகளைக் கழற்றுமுன் அவை கண்ணாடியில் நிற்கும் இடத்தை ஒட்டுநாடாவால் குறித்துவைத்தால் மீண்டும் பொருத்தும்போது தடுமாற வேண்டியதில்லை. தட்டுகள் வெளியே வந்ததும் கொயில்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரேயொரு போல்டினால் பிடிக்கப்பட்டிருக்கும். வயரைச் செருகியிருக்கும் கிளிப் இருபது ஆண்டு வெப்பத்தில் பப்படம்போல் நொறுங்கும் நிலையில் இருக்கலாம் என்பதால், நகத்தால் மெல்ல அழுத்தி அசைத்தே இழுக்க வேண்டும். கொயிலை எடுத்தவுடன் பிளக்கில் கை வைக்காமல் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்ப்ரசர் இல்லாதவர்கள் சைக்கிள் பம்பில் நீண்ட குழாய் பொருத்தி அடிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் இரண்டும் அமைதியாக வந்தன. மூன்றாவது சிலிண்டரின் பின் பிளக் கால் சுற்றுச் சுழன்று இறுகிக்கொண்டது. அந்த இடத்தில் பலத்தைக் காட்டியிருந்தால் புரி போயிருக்கும். துருநீக்கி ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணிநேரம் காத்திருந்து, முன்னே எட்டிலொரு சுற்று, பின்னே எட்டிலொரு சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்பியபோது கிறீச்சென்ற ஒலியுடன் விட்டுக்கொடுத்தது. வெளியே வந்ததைப் பார்த்தேன்: உடம்பு செந்நிறத் துரு, நடுமுனை கூழாங்கல்போல் உருண்டிருந்தது. 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளியில் 1.5 மில்லிமீற்றர் அளவுத் தகடு தடையின்றி நுழைந்தது. வைப்பர்த் தட்டின் றப்பர் காய்ந்துபோய், மாரி மழை அந்த வழியாகப் பல ஆண்டுகளாகச் சொட்டியிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

புதிய பிளக்கை ஏற்றும்போது ஒரு சிறு உபாயம் புரியைக் காப்பாற்றும். பிளக்கின் தலைப்பகுதியில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சாண் றப்பர்க் குழாயைச் செருகி, அந்தக் குழாயை விரல்களால் மட்டுமே திருகி ஏற்றுங்கள். புரி நேராகப் பிடித்தால் எளிதாகச் சுழலும். கோணலாகப் பிடித்தால் குழாய் பிளக்கோடு சுழலாமல் வழுக்கிவிடும், சேதம் நேராது. முழுவதும் விரலால் இறங்கிய பிறகே சொக்கட்டைப் போட வேண்டும். 14 மில்லிமீற்றர் புரியுள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றர் புரிக்கு 15 முதல் 20 என்பது இறுக்குவதற்கு என்.ஜி.கே. தரும் பொது அளவு; காரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்ற வேண்டும். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இல்லாதபோது, 14 மில்லிமீற்றர்ப் புதிய பிளக்கை விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றிலிரண்டு சுற்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். புரியில் கிரீஸ் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. கிரீஸ் இருந்தால் நம்மையறியாமலே கூடுதலாக இறுகிவிடும் என்பதால் என்.ஜி.கே. தன் பிளக்குகளுக்கு அதனைத் தவிர்க்கச் சொல்கிறது.

இந்த வழியின் மறைந்த செலவு கருவிகள். உள்ளே காந்தம் அல்லது றப்பர் வைத்த 16 மில்லிமீற்றர் நீள சொக்கட், குட்டையும் நெட்டையுமான எக்ஸ்டென்ஷன்கள், வளையும் இணைப்பு, டோர்க் ரென்ச், விழுந்த போல்டை எடுக்கக் காந்தக் கோல் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஒரு முறைக் கராஜ் கூலியை மிஞ்சிவிடும். வீட்டில் இன்னொரு காரோ, கருவியைப் பகிர்ந்துகொள்ளும் மச்சானோ இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். எனக்கு அந்த நாள் காலை ஏழு மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை போனது. ஒருமுறை செய்தவருக்கு அடுத்த முறை பாதி நேரம் போதும்.

பொறுமையும் ஒரு முழு விடுமுறை நாளும் மறுநாள் வேலைக்குப் போக மாற்று வழியும் உள்ளவருக்கு இது மிகச் சிறந்த வழி. காரணம் பணம் மிச்சப்படுவது அல்ல; எட்டும் வெளியே வந்ததைக் கண்ணால் காண்பது. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் செம்மஞ்சள் நிற வயர்களுக்கு அருகில் கை வைக்க வேண்டிய எந்த வேலையையும் தாமே செய்யக் கூடாது.

## ஊர்க் கராஜ்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறொன்றும் தெரியவந்தது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் ஒரு கராஜில் எட்டுப் பிளக்குக்கும் பணம் கொடுத்திருந்தேன். சிட்டையில் எட்டு என்றே எழுதியிருந்தது. கழற்றியபோது முன் நான்கும் புதியன, ஒரே நிறுவனத்தின் பெயர். பின் நான்கும் வேறு பெயர், துருப்பிடித்து ஹெட்டோடு ஒட்டிப்போனவை. நான்கு பிளக்கின் விலையை இழந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஓராண்டு முழுவதும் பிளக் புதியது என்ற நம்பிக்கையில், உதறலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பெற்றோல் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் மாற்றிக்கொண்டிருந்தேனே, அதுதான் மனத்தைச் சுட்டது.

அந்த ஓர் அனுபவத்தை வைத்து ஊர்க் கராஜ்கள் அனைத்தையும் எடைபோடுவது நியாயமல்ல. இதே வேலையைப் பலமுறை செய்து கைபழகியவர்கள் கல்முனைப் பக்கத்திலும் காத்தான்குடிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நான் எட்டு மணிநேரம் தடுமாறியதை அவர்கள் இரண்டு மூன்று மணிநேரத்தில் முடிப்பார்கள். களுவாஞ்சிகுடியில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர், முன் நான்கை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். “பின்னுக்கு இருக்கிறதக் கழட்டாம முன்னுக்கு மட்டும் மாத்துறது, ஒரு கால்ல மட்டும் செருப்புப் போட்ட மாதிரி மனே” என்று என்னிடமும் சொன்னார். இறுகிப்போன பிளக்கைக் கையின் உணர்வை வைத்தே எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்த அத்தகையவரிடம் ஒப்படைப்பது, முதன்முறை முயலும் நம் கையைவிட ஹெட்டுக்குப் பாதுகாப்பானது.

ஆகவே சிக்கல் கராஜில் அல்ல, நாம் வேலையை ஒப்படைக்கும் முறையில் இருக்கிறது. காலையில் காரை விட்டுவிட்டு மாலையில் எடுக்க வருவேன் என்று சொல்லும்போது, பெருநேரம் எடுக்கும் ஒரு வேலையை, பார்க்க முடியாத இடத்தில், பத்துப் பேர் காத்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கிறோம். பிளக்கை நாமே வாங்கிக் கொடுத்து, பழைய எட்டையும் கழற்றிய வரிசையில் அட்டைப்பெட்டியில் வைத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முடியுமானால் வைப்பர்த் தட்டு வெளியே வரும் வரையாவது அருகில் நிற்க வேண்டும். தட்டு கழன்றுவிட்டால் பின் நான்கையும் மாற்றாமல் விடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. பின்வரிசைக்குத் தனிக் கூலி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். மூன்று மணிநேர வேலைக்கு அரை மணிநேரக் கூலி பேசினால் அரை மணிநேர வேலைதான் கிடைக்கும்.

பேசும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுவது நல்லது: புரி சேதமானால் என்ன செய்வது? பொதுவாக, கெட்டுப்போன புரியைப் பெரிதாக்கிப் புதிய உட்புரி வைப்பது லேத் கடைக்காரரின் வேலை. பின்வரிசையில் அதனை ஹெட்டை இறக்காமல் செய்வது கடினம். இறக்கினால் ஹெட் கஸ்கட், கூலண்ட், மேலும் இரண்டு மூன்று நாட்கள் என்று கணக்கு நீளும். ஏற்கெனவே இறுகியிருந்த பிளக்கினால் வந்த சேதமா, அவசரத்தினால் வந்த சேதமா என்பது பின்னர் வாக்குவாதமாகிவிடாதபடி, பிளக் இறுக்கமாக இருந்தால் மேற்கொண்டு திருப்பாமல் தொலைபேசியில் அழைக்கும்படி முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

## கொழும்பு அல்லது பெரிய சேர்விஸ் நிலையம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். போகவர ஆகும் பெற்றோல், ஓரிரு இரவுத் தங்கல், எடுக்க வேண்டிய விடுமுறை ஆகியவற்றை எழுதிப் பார்த்தால், பிளக்குக்காக மட்டும் போவது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது. நன்மை என்னவென்றால் சிட்டையும் உத்தரவாதமும் எழுத்தில் கிடைக்கும், இறுக்கும் அளவுக்கு உரிய கருவி இருக்கும், உடைந்த கிளிப்புக்கும் கொயிலுக்கும் மாற்று அதே ஊரில் கிடைக்கும். ஆனால் பெரிய இடம் என்பதால் எட்டும் மாற்றப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கேயும் பழைய எட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஹைபிரிட் பற்றரியைச் சோதிக்கவோ வேறு பெரிய பழுதுக்காகவோ போக வேண்டியிருந்தால் இதனையும் அதோடு சேர்த்துக்கொள்வது மிகப் பொருத்தம். அல்லாவிடில் கொழும்பு போகும் உறவினரிடம் சொல்லிப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கொயிலோ கிளிப்போ வாங்கி வருவித்து, வேலையை இங்கேயே செய்விப்பது மேல். பாவித்த கொயிலை அங்கே வாங்குவதானால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க மீண்டும் முந்நூறு கிலோமீற்றர் போக முடியாது.

## முன் நான்கை மட்டும் மாற்றுவது, அல்லது தள்ளிப்போடுவது

பலர் தேர்ந்தெடுப்பது இதனைத்தான். முன் நான்கை மாற்றியவுடன் கார் சற்று இலகுவாக ஓடுவதால் மனம் ஆறிவிடுகிறது. செலவு பின்னால் வரும். முனைகளின் இடைவெளி கூடக்கூடப் பொறி தாவுவதற்குக் கூடிய மின்னழுத்தம் தேவைப்படும், அந்தப் பளுவைச் சுமப்பது கொயில். கொயில் ஒன்றின் விலை இரிடியம் பிளக் ஒன்றின் விலையைவிடக் கூடுதல். இந்தக் காரில் அவை எட்டு. எரியாமல் வெளியேறும் பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியையும் கெடுக்கும். இவற்றைவிட நான் அஞ்சுவது துருவுக்குத்தான். உப்புக் காற்று வீசும் இந்தக் கரையோரத்தில், மழைநீர் சொட்டும் குழிக்குள், ஒவ்வோர் ஆண்டும் பிளக் ஹெட்டோடு இன்னும் இறுகிக்கொண்டே போகிறது. இன்று இரண்டு மணிநேரத்தில் வரக்கூடியது ஐந்தாண்டுக்குப் பின் உடைந்து வரும்.

இருந்தாலும் தள்ளிப்போடுவது சரியாக இருக்கும் தருணங்கள் உண்டு. ஹெட் கஸ்கட் வேலை இரண்டு மாதத்தில் செய்வதாக முடிவாகியிருந்தால், ஹெட் வெளியே வரும்போது பிளக்குகளை மேசையிலேயே மாற்றலாம். இப்போது தனியே கூலி கொடுப்பது வீண். மார்கழி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கூரையில்லாத வளவில் தட்டைக் கழற்றுவதைவிட தை கழியும் வரை பொறுப்பதும் நன்று. ஆனால் திகதி குறிக்காமல் தள்ளிப்போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | நாமே | ஊர்க் கராஜ் | கொழும்பு | முன் நான்கு மட்டும் |
|---|---|---|---|---|
| எட்டும் மாறும் என்ற உறுதி | முழுமையானது | அருகில் நின்றால் நல்லது. பழையதைக் கேட்டே வாங்க வேண்டும் | பெரும்பாலும் நல்லது. இங்கும் கேட்டு வாங்க வேண்டும் | இல்லை |
| புரிக்கு ஆபத்து | பொறுமையைப் பொறுத்தது | கைபழகியவரிடம் குறைவு | குறைவு | இன்று இல்லை. பின்னர் கூடும் |
| மறைந்த செலவு | கருவிகள், ஒரு முழு நாள் | காத்திருப்பு, உடையும் கிளிப் | பயணம், தங்கல், விடுமுறை | கொயில், பெற்றோல், வினையூக்கி |
| பிழைத்தால் பொறுப்பு | நாமே | முன்பேச்சைப் பொறுத்தது | எழுத்தில் இருக்கும், தூரத்தில் இருக்கும் | நாமே |
| கார் நிற்கும் காலம் | ஒரு நாள் | அரை நாள் முதல் ஒரு நாள் | இரண்டு மூன்று நாள் | ஒரு மணிநேரம் |
| யாருக்குப் பொருந்தும் | நேரமும் கருவியும் உள்ளவர் | பெரும்பாலானோர் | வேறு பெரிய வேலையும் உள்ளவர், ஹைபிரிட் | ஹெட் வேலை விரைவில் செய்யவுள்ளவர் |

## தட்டு திறந்திருக்கும்போதே

யாரைக் கொண்டு செய்தாலும், வைப்பர்த் தட்டு வெளியே இருக்கும் அந்த நேரம் திரும்பக் கிடைப்பது அரிது. அந்தத் தட்டின் றப்பர் விளிம்பைப் பார்த்து, காய்ந்திருந்தால் மாற்றுங்கள், குறைந்தது மழைநீர் புகாதபடி ஒட்டுங்கள். அதனைச் செய்யாவிடில் புதிய பிளக்கும் பழையதன் வழியிலேயே துருப்பிடிக்கும். தண்ணீர் வடியும் ஓட்டைகளில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், அதனையும் வழித்தெடுங்கள். கொயிலின் றப்பர்க் குழலில் வெள்ளைக் கோடுகளோ வெடிப்போ இருந்தால் பொறி அந்த வழியாகக் கசிகிறது என்று பொருள்.

கழற்றிய எட்டையும் சிலிண்டர் வரிசையில் வைத்து நோக்குங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நன்று. காய்ந்த கருங்கரி, பெற்றோல் கூடுதலாகப் போவதைக் காட்டும். ஒயில் பூசியதுபோல் ஈரக் கறுப்பு ஒரே சிலிண்டரின் முன்பின் இரண்டிலும் இருந்தால் அந்தச் சிலிண்டரின் வளையங்களையும் வால்வு சீல்களையும் சோதிக்க வேண்டும். அத்தகைய என்ஜினுக்கு வாங்கிவைத்த இரிடியத்தைத் திருப்பிக் கொடுத்து நிக்கலைப் போடுவதற்கு அதுவே நேரம்.

என் காரின் பொனட்டின் உட்புறத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவில் மாற்றிய திகதியும், கிலோமீற்றர் அளவும், ‘எட்டும்’ என்ற சொல்லும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து இந்தக் காரில் கை வைக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும், பின் நான்கைப் பற்றி அவர் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.